பார்க்க உப்பு... உள்ளே செமிகோலன்!

ஈ.சி.ஆர்.ல பாண்டிச்சேரி போனவங்க மரக்காணம் உப்பளத்தைப் பார்க்காம இருந்திருக்க மாட்டீங்க. அக்டோபர்ல மழை பிடிச்சா பாத்தியெல்லாம் தண்ணி நின்னுடும், டிசம்பர் வரைக்கும் வேலை கிடையாது. அந்த மாசங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம்னு தமிழக அரசு 2021-ல் அறிவிச்சது.

உங்க காலேஜ் என்.எஸ்.எஸ். டீம் அங்க கேம்ப் போட்டு, இதை விளக்கி ஒரு வெப் பேஜ் பண்றீங்கன்னு வெச்சுக்குவோம். மேட்டர் டி.டி.பி. சென்டர்ல பாமினி ஃபான்ட்ல அடிச்ச நோட்டீஸ். ட்ரீம்வீவர் டிசைன் வியூவுல பேஸ்ட் பண்ணி, ஃபான்ட்டையும் பாமினின்னு செலக்ட் பண்ணியாச்சு. 'உப்பு' பளிச்னு தெரியுது. சூப்பர்ல?

இப்ப கோட் வியூவுக்குப் போங்க. அங்க உப்பு இல்லை பாஸ். சின்ன சி, சின்ன ஜி, ஒரு செமிகோலன், பெரிய ஜி. அவ்வளவுதான்! பாமினி இல்லாத போன்ல இந்த நாலுதான் தெரியும். 'உப்பளத் தொழிலாளர் நிவாரணம்'னு கூகுள்ல தேடுறவருக்கு உங்க பேஜ் சிக்காது. பார்வையில்லாதவங்க என்.வி.டி.ஏ. மாதிரி ஸ்கிரீன் ரீடர்ல கேட்டா, அது ஏதோ ஆங்கில எழுத்தா வாசிச்சுட்டுப் போகும்.

"டபிள்யூ3சி வேலிடேட்டர்ல போட்டா பிடிச்சிடாதா?"ன்னு கேப்பீங்க. பாதிதான் பிடிக்கும். ஃபான்ட் டேக் இருந்தா எரர் காட்டும். 1997-ல் வந்த எச்.டி.எம்.எல். 4-லயே 'இதைத் தவிருங்க'ன்னு சொல்லிட்டாங்க. 2014-ல் ஸ்டாண்டர்டான எச்.டி.எம்.எல். 5-ல அதுக்கு இடமே இல்லை. ஆனா அதே பாமினியை சி.எஸ்.எஸ்.ல எழுதிட்டீங்கன்னா பச்சைக்கொடி! வேலிடேட்டர் பார்க்கறது டேக்கோட இலக்கணத்தை. உள்ளே இருக்கறது தமிழா, செமிகோலனான்னு அதுக்கு என்ன தெரியும்? பச்சையைப் பார்த்துட்டு எடிட்டரை மூடிடற ஆளுங்கதான் நம்மள்ல ஜாஸ்தி.

இந்தக் குழப்பம் ரொம்பப் பழசு. ஒரு காலத்துல ஒவ்வொரு தமிழ் சைட்டுக்கும் ஒரு ஃபான்ட், டவுன்லோடு பண்ணாதான் படிக்க முடியும். 1999-ல் சென்னையில நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி டாம், டாப்னு ரெண்டு குறியீடுகளை அரசு ஏத்துக்கிட்டது. ஒண்ணுக்கு ரெண்டு! யூனிகோடை அரசு ஏத்துக்கிட்டது 2010-ல்தான். யூனிகோட்ல 'உப்பு'ன்னா உ, ப, புள்ளி, ப, உகரக் குறின்னு அஞ்சு குறியீடு. எந்த போனுக்கும் அது உப்புதான்.

அதனால, பேஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி ஒண்ணுல போட்டு யூனிகோடுக்கு மாத்திடுங்க. மாத்தினதை ஒரு தடவை படிச்சும் பாருங்க. ஃபைலை யூ.டி.எஃப்-8ல சேவ் பண்ணி, அதையே மெட்டா டேக்ல சொல்லணும். எச்.டி.எம்.எல். டேக்ல மொழி 'டிஏ'ன்னு போடுங்க, ஸ்கிரீன் ரீடர் தமிழ்க் குரலுக்கு மாற அது உதவும். வேர்டுல இருந்து எடுத்தா பேஸ்ட் ஸ்பெஷல்ல 'டெக்ஸ்ட் ஒன்லி'. இல்லைன்னா வேர்டோட குப்பையும் சேர்ந்து வரும். தலைப்பை போல்டு பண்ணி சைஸ் ஏத்தினா அது தலைப்பு ஆகிடாது, ஹெடிங் டேக் கொடுக்கணும். நோட்டீஸை ஸ்கேன் பண்ணி படமா ஒட்டறது இன்னும் மோசம். வேற வழியே இல்லைன்னா முழு விஷயத்தையும் கீழே டைப் பண்ணிடுங்க.

அப்புறம், காலேஜ் லேப்ல மட்டும் டெஸ்ட் பண்ணாதீங்க. அங்கே யாராவது பாமினி போட்டு வெச்சிருப்பாங்க. அடுத்த தடவை மரக்காணம் போறப்ப, உப்பளத்துல வேலை செய்யற ஒரு அக்கா போன்ல திறந்து காட்டச் சொல்லுங்க.