கடைசி பெஞ்ச் புயல்கள்!

கடைசி பெஞ்ச் பார்ட்டிங்க எப்போ என்ன பண்ணுவாங்கனு யாராலயும் சொல்ல முடியாது. அட்லாண்டிக் கடல்லயும் அப்படி ஒரு கேங் இருக்கு மக்களே... அக்டோபர், நவம்பர்ல வர்ற ஹரிகேன்கள்!

அங்கே புயல் சீஸன் ஜூன் 1-ல் தொடங்கி நவம்பர் 30 வரைக்கும். உச்சம், செப்டம்பர் 10 வாக்கில். அந்தச் சமயத்துப் பெரிய புயல்கள் பலதும் ஆப்பிரிக்கக் கரைப் பக்கம் உருவாகி, நாள் கணக்கா கடலைத் தாண்டி வரும். மக்கள் மூட்டை கட்ட டைம் இருக்கும்.

அக்டோபர்ல சீன் மாறிடும். கடலுக்கு மேலே ஒரு திசையில காத்து, இன்னும் உயரத்துல வேறு வேகத்துல, வேறு திசையில காத்து. நடு அட்லாண்டிக்கில் வளரப் பார்க்கிற புயலோட தலையை இதுவே சீவிடும். ஆனா, மேற்கு கரீபியன் கடல் மட்டும் சூட்டை விடாது. தண்ணி சூடாகவும் லேட், ஆறவும் லேட். புயலுக்குத் தேவை சுமார் 26.5 டிகிரி செல்சியஸ். அங்கே அதுக்கும் மேல, அதுவும் நல்ல ஆழம் வரைக்கும் இருக்கும். ஆக, புயல் பிறக்கிற இடமே ஊருக்குப் பக்கத்துல வந்துடுது. 2005 அக்டோபர்ல வில்மா புயலின் மையத்தில் அழுத்தம் 882 மில்லிபாருக்கு இறங்கினது இங்கேதான். அட்லாண்டிக்கில் இன்னிக்கும் அதுதான் ரெக்கார்டு!

சரி, எந்தப் பக்கம் போகும்? புயலுக்குனு சொந்தமா ஸ்டியரிங் கிடையாது பாஸ். சுத்தி இருக்கிற காத்து தள்ளுற பக்கம்தான் போகும். குளிர் நெருங்க நெருங்க, வடக்கே ஓடுற ஜெட் ஸ்ட்ரீம் தெற்கே வளைஞ்சு இறங்கும். அந்த வளைவு எட்டிப் பிடிச்சா, புயலை வடகிழக்கா இழுத்துட்டுப் போயிடும். வில்மா மெக்ஸிகோவின் யுகடான்ல ஆமை மாதிரி ஊர்ந்துட்டு, அப்புறம் ஃபுளோரிடா மேல பாய்ஞ்சது இப்படித்தான். 2012-ல் சாண்டி கிழக்கே கடலுக்குள்ள போயிருக்கணும். அங்கே ஓர் உயர் அழுத்தம் வழிமறிக்க, இடது பக்கம் திரும்பி நியூஜெர்ஸியில் மோதுச்சு. நியூயார்க் சுரங்க ரயில் பாதைக்குள்ள கடல் தண்ணி!

ஜெட் ஸ்ட்ரீம் எட்டவே இல்லைனா? அதுதான் இன்னும் பயங்கரம். 1998 அக்டோபர் கடைசியில மிட்ச் புயல், தள்ள ஆளில்லாம ஹோண்டுராஸ் கரைக்குப் பக்கத்துலயே தேங்கிடுச்சு. கரை ஏறும்போது காத்தோட வேகம் நல்லா குறைஞ்சிருந்தது. மழை குறையலை. நாள் கணக்கா கொட்டினதுல மலைகள் சரிஞ்சு, மத்திய அமெரிக்காவில் 10,000 பேருக்கு மேல் இறந்துபோனாங்க. 2025-ல் மெலிஸாவும் கரீபியன்ல மெதுவா ஊர்ந்து, சூட்டைக் குடிச்சு வளர்ந்துதான் அக்டோபர் 28-ல் ஜமைக்காவை அடிச்சது. ஐந்தாம் பிரிவு, அதாவது உச்ச பிரிவு!

சீஸன் முடியுற நேரத்துல புயல்களோட எண்ணிக்கை குறையும், வாஸ்தவம்தான். ஆனா, ஓர் ஊரை அழிக்க ஒரு புயல் போதுமே! அதனால இனிமே புயல் நியூஸ் பார்த்தா, 'காத்து எத்தனை கிலோமீட்டர்?'னு மட்டும் கேட்காதீங்க. 'புயல் எவ்வளவு வேகமா நகருது?'னும் கேளுங்க. ஹோண்டுராஸ்ல அத்தனை பேரைக் கொன்னது, நகராத புயல்!