பூஜ்யம் என்றால் மழை இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எலப்புள்ளிக்குப் போன் போட்டேன். "மழை எப்படி மாமா?" "வரப்பே தெரியல மாப்ளே, அப்படி ஒரு கொட்டு." இங்கே டொராண்டோவில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துத் தானியங்கி வானிலை நிலையம் ஒன்றின் கணக்கைப் பார்த்தால், மழை: 0.

மாமா புளுகுகிற ஆள் இல்லை. மழைமானியின் புனலில் நாலு சருகு அடைத்தால் போதும். தண்ணீர் இறங்காது, சாய்ந்து சாய்ந்து மழையை எண்ணுகிற குட்டி வாளி அசையாது. கருவிக்கு அன்று வெயில்தான்!

2024 மே 29 அன்று டெல்லி முங்கேஷ்பூர் நிலையம் 52.9 டிகிரி காட்டியது. உலகமே திரும்பிப் பார்த்தது. வானிலைத் துறை சோதித்துவிட்டு, உணரி 3 டிகிரி கூட்டிக் காட்டியது என்றது. அதிகம் காட்டினால் விசாரணை வரும். பூஜ்யம் காட்டினால்? யாருக்கும் சந்தேகமே வராது. ஆனால் வானிலை சார்ந்த பயிர்க் காப்பீட்டில் இழப்பீட்டை முடிவு செய்வது இந்த எண்தான். மழையில் நெல் அழுகி, கணக்கில் மழையே இல்லை என்றால் மாமாவுக்கு என்ன கிடைக்கும்?

பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டுக் கம்ப்யூட்டரே திருத்தட்டும் என்பார்கள். ஒரு ஊரில் கொட்டும், அடுத்த ஊரில் தூறல்கூட இருக்காது, அதுவும் நிஜம்தானே? சந்தேகமான எண்ணை அழிக்காமல் குறியிட்டு வையுங்கள். அளவு வராத நாளில் 0 போடாதீர்கள். உள்ளூரில் ஒருவருக்குச் சம்பளம் கொடுத்துப் புனலைத் துடைக்கச் சொல்லுங்கள்.

நானும் பொட்டி தட்டிப் பிழைக்கிறவன்தான். ஆனாலும் சொல்கிறேன், ஒரு பழந்துணி செய்கிற வேலையை எந்த சாப்ட்வேரும் செய்யாது.