எழுவாய் இல்லாத கொலைகள்

முன்னறிவிப்பு: இப்பதிவில் ஐந்து நாவல்களின் முடிவுகள் மறைப்பின்றிச் சொல்லப்படுகின்றன. மறைத்து எழுதினால் இதன் வாதமே நடவாது.

இருண்ட நாவல்கள், மர்மநாவல்கள் குறித்துப் பல்கலைக்கழக வளாகங்களிலிருந்து இப்போது எழுதப்படும் வாசிப்புக் குறிப்புகளை அடுக்கிப் பார்த்தால் ஒரே கை எழுதியவை போலிருக்கும். கடைசி முப்பது பக்கங்கள் உறைய வைத்தன, திருப்பத்தை யூகிக்கவே முடியவில்லை, நடுவில் சற்றுத் தொய்வு, ஐந்துக்கு நான்கு. கதை லண்டனில் நடந்தாலும் தோக்கியோவில் நடந்தாலும் பெங்களூரில் நடந்தாலும் குறிப்பு மாறுவதில்லை. கொலையுண்டவர் யார் என்று எழுதும் வாசகர் அரிது. இலக்கியக் கோட்பாட்டில் முதுகலை முடித்தவர்கள்கூட இவ்வகை நாவலைக் கையில் எடுத்ததும் திருப்பங்களை எண்ணும் கணக்கர்களாகிவிடுகிறார்கள்.

மறுபக்கத்தில், இந்நாவல்களைத் தொடவே கூசும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பழைய முன்னோடி உண்டு. அமெரிக்க விமர்சகர் எட்மண்ட் வில்சன் 1945இல் நியூயார்க்கர் இதழில், ராஜர் ஆக்ராய்டை யார் கொன்றால் யாருக்கு என்ன என்று தலைப்பிலேயே கேட்டுத் துப்பறியும் கதைகள் அனைத்தையும் ஒதுக்கித் தள்ளினார். அகதா கிறிஸ்டியின் அந்த 1926ஆம் ஆண்டு நாவல் பின்னர் டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்தில் வெகுசன இலக்கியம் என்ற தாளின்கீழ் இடம்பெற்றது. வில்சன் தோற்றார் என்று இதைக் கொண்டு மகிழலாம். ஆயினும் வகுப்பறையில் அந்நாவல் எப்படிப் பேசப்படுகிறது என்று கவனித்தால் அவர் முழுமையாகத் தோற்கவில்லை என்பது புரியும். கதைசொல்லியான மருத்துவரே கொலையாளி என்ற செய்தியோடு பாடம் முடிந்துவிடுகிறது.

திருப்பத்தைக் கொண்டாடும் வாசகரும் அதை இகழும் பேராசிரியரும் எதிரிகள் போலத் தோன்றினாலும் நிற்பது ஒரே தரையில்தான். இவ்வகை நாவலின் உள்ளடக்கம் ‘யார்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கான விடை என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவருக்கு அந்த விடை இன்பம் தருகிறது, மற்றவருக்கு அது அற்பமாகப் படுகிறது. அந்த நம்பிக்கையே பிழை. இந்தியாவில் அது வெறும் இரசனைப் பிழையாகவும் நின்றுவிடுவதில்லை.

இலக்கணத்திலிருந்து தொடங்கலாம். தமிழ் வினைமுற்று திணையையும் பாலையும் காட்டிக்கொடுக்கும். ‘நுழைந்தான்’ என்றால் ஆண், ‘நுழைந்தாள்’ என்றால் பெண். கொலையாளி ஆணா பெண்ணா என்பதை மறைக்க வேண்டிய தமிழ் எழுத்தாளர் ‘நுழைந்தார்’ என்று எழுதலாம். ஆனால் கொலைகாரருக்கு மரியாதைப் பன்மை கொடுத்தால் கதை சிரிப்புக்கிடமாகும். தமிழ் மர்மக்கதைகள் இதற்குக் கண்ட வழியை எல்லா வாசகரும் அறிவர்: ‘ஓர் உருவம் பதுங்கிப் பதுங்கி வந்தது.’ குற்றவாளி பிடிபடும்வரை அஃறிணை, பிடிபட்டபின் உயர்திணை. மர்மநாவல் என்ற வடிவத்தின் அடிப்படைச் செயல் இந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. செய்தவரைத் தற்காலிகமாக மனிதர் என்ற நிலையிலிருந்து இறக்கி, எழுவாயின் இடத்தில் ஒரு நிழலை வைத்து, இறுதியில் பெயரைக் கொண்டுவந்து பொருத்துவது.

கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: பெயர் பொருந்தியபின் அந்த வாக்கியத்தில் வேறு யார் இன்னும் பெயரின்றி நிற்கிறார்கள்?

அலெக்ஸ் மைக்கிலிடீஸ் எழுதி 2019இல் வெளிவந்த ‘தி சைலண்ட் பேஷண்ட்’ இந்திய மாணவர்களிடையே பெரிதும் சுற்றிய நாவல். அலிசியா என்ற ஓவியர் கணவரின் முகத்தில் ஐந்து முறை சுட்டுவிட்டுப் பேச்சை நிறுத்திவிடுகிறார். தியோ என்ற உளசிகிச்சையாளர் அவரைப் பேசவைக்க வருகிறார். கணவரோடு உறவு கொண்டிருந்தவர் தியோவின் மனைவி; அன்றிரவு வீட்டுக்குள் புகுந்தவர் தியோதான். இரண்டு காலங்களை ஒன்றாகக் காட்டிய நாவல் கடைசியில் அவற்றைப் பிரித்து வைக்கிறது. தைத்த விதத்தில் குறையில்லை. ஆனால் அலிசியாவின் மௌனத்துக்கு நாவலில் என்ன வேலை? யூரிப்பிடீஸின் நாடகத்தில், கணவனுக்குப் பதிலாகச் சாவை ஏற்று மீண்டுவரும் அல்செஸ்டிஸ் கடைசிவரை வாய் திறப்பதில்லை. அலிசியா தன் ஓவியத்துக்கு அவள் பெயரையே சூட்டுகிறார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிலின்றிக் கிடக்கும் அந்த மௌனத்தை நாவல் ஒரு பூட்டாக்கி, சாவி கிடைத்ததும் எறிந்துவிடுகிறது. இதைத் திருப்பத்துக்காக மட்டும் புகழ்வது, அவரது பேச்சின்மையை இரண்டாம் முறை பயன்படுத்திக்கொள்வதாகும்.

கெய்கோ ஹிகாஷினோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’ இதைவிட நேர்மையான நாவல். எனவே வாசகரின் குருட்டுத்தனம் அங்கே இன்னும் தெளிவாகத் தெரிகிறது. 2005இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்து நவோக்கி விருது பெற்ற இந்நாவல், 2023இல் இந்தித் திரைப்படமாகவும் ஆனது. தன்னையும் மகளையும் துன்புறுத்தும் முன்னாள் கணவனை யாசுகோ கொன்றுவிடுகிறாள் என்பது தொடக்கத்திலேயே தெரியும். பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி அவளைக் காப்பாற்ற முனைகிறார். இறுதியில் வெளிப்படுவது இது: காவல்துறை கண்டெடுத்த பிணம் அந்தக் கணவனுடையதே அன்று. கொலை நடந்த நாளையே மாற்றிக்காட்டுவதற்காக, மறுநாள் இஷிகாமி வேறொருவரைக் கொன்று, முகத்தைச் சிதைத்து, விரல்நுனிகளை எரித்து ஆற்றங்கரையில் போட்டிருக்கிறார்.

அந்த வேறொருவர் யார்? ஆற்றோரம் தங்கியிருந்த வீடற்றவர்களுள் ஒருவர். வேலையிழந்து அண்மையில் அங்கு வந்தவர். இன்னும் தொழில்துறை இதழ் படித்துக்கொண்டிருந்தவர். அதனால் இஷிகாமி தன் மனத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘இன்ஜினியர்’. நாவல் முழுவதிலும் அவருக்குச் சொந்தப் பெயர் இல்லை. நாவலின் தொடக்கத்தில் இஷிகாமி காலையில் அவ்வழியே நடந்து போகும்போதே வாசகரும் அவரைப் பார்த்துவிடுகிறார், பார்த்து மறந்தும்விடுகிறார். ஹிகாஷினோவின் ஆற்றல் அந்த மறதியைக் கணக்கிட்டு வைத்ததில் இருக்கிறது. காணாமற்போனால் தேட ஆளில்லாதவர் என்று இஷிகாமி போட்ட கணக்கும், கதைக்குத் தேவையில்லாதவர் என்று வாசகர் போட்ட கணக்கும் ஒன்றே.

இந்நாவலைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் எதைப் பேசுகின்றன? தன்னலமற்ற காதல், கணித மூளை, கண்ணீர் வரவழைத்த முடிவு. ஒரு மனிதன் கொல்லப்பட்டதே திருப்பம். அந்தத் திருப்பத்துக்குக் கைதட்டிவிட்டு அவனைக் கடந்து போகிறார்கள். ஸ்பாய்லர் ஆகிவிடும் என்ற அச்சமே அவரைப் பற்றி எழுதவிடாமல் தடுக்கிறது என்பதையும் சேர்த்துக் காண வேண்டும். திருப்பத்தைக் காக்கும் நாகரிகம், இங்கே, இரண்டாம் பிணத்தை மறைக்கும் வேலையைச் செய்கிறது.

இனி இந்தியாவுக்கு வரலாம். ‘யார் செய்தது’ என்ற கேள்வியில் ஊன்றிய நாவல் ஒரு முன்கருத்தை வைத்துக்கொண்டு எழுகிறது: உண்மை யாருக்கும் தெரியாது, தெரிந்துவிட்டால் நீதி பின்தொடரும். இந்த நாட்டின் கொடிய கொலைகள் பலவற்றில் இவ்விரண்டும் பொய். 1999 ஏப்ரலில் டெல்லியில் ஜெசிகா லால் சுடப்பட்டது விருந்தினர் நிறைந்த ஓரிடத்தில். 2006 பிப்ரவரியில் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. சாட்சிகள் பிறழ்ந்திருந்தார்கள். ஜெசிகாவை யாரும் கொல்லவில்லை என்று ஒரு நாளேடு அன்று தலைப்பிட்டது; 2011இல் அதே தலைப்பில் திரைப்படமும் வந்தது. மக்களின் கொந்தளிப்புக்குப் பின் 2006 டிசம்பரில்தான் உயர்நீதிமன்றம் தண்டனை வழங்கியது. ‘யாரும்’ என்ற அந்த எழுவாய், மர்மநாவலின் நிழலுருவத்துக்கு நேர்எதிரானது. அங்கே தெரியாதவரைத் தேடுகிறார்கள். இங்கே தெரிந்தவரைத் தெரியாதவராக்குகிறார்கள்.

சாதிக்கு வெளியே மணந்ததற்காக நிகழும் கொலைகளிலும் இதே இலக்கணம். ஊருக்குத் தெரியும், உறவுக்குத் தெரியும். செய்தியில் மட்டும் ‘வெட்டிக் கொலை செய்யப்பட்டார்’ என்று செயப்பாட்டு வினை வருகிறது, அல்லது ‘மர்ம நபர்கள்’ வருகிறார்கள். மர்மம் என்ற சொல் துப்பறியும் கதையிலிருந்து செய்தித்தாளுக்குள் நுழைந்து, செய்தவரின் பெயரை விழுங்கிக்கொண்டு நிற்கிறது.

இச்சூழலுக்கு எழுதப்பட்ட இருண்ட நாவல்கள் இந்திய மொழிகளில் இல்லாமல் இல்லை. துப்பறிவாளர் இல்லாததால் அவை அந்த அலமாரியில் வைக்கப்படுவதில்லை, அவ்வளவே. விவேக் ஷான்பாக் கன்னடத்தில் 2013இல் வெளியிட்ட ‘காச்சர் கோச்சர்’ நூறு பக்க அளவிலான சிறு நாவல். மசாலா வியாபாரத்தில் திடீரெனப் பணம் கண்ட ஒரு பெங்களூர்க் குடும்பம். சிற்றப்பாவைத் தேடி வாசலுக்கு வரும் ஒரு பெண்ணை வீட்டுப் பெண்கள் ஏசித் துரத்துகிறார்கள். மருமகள் அனிதா மட்டும் அதை எதிர்த்துப் பேசுகிறாள். பின்னர் ஊருக்குப் போன அனிதா திரும்பி வரவேண்டிய நேரத்தில் வரவில்லை. பெயர் சொல்லப்படாத அவள் கணவன் காப்பி ஹவுஸில் உட்கார்ந்திருக்கிறான். கையிலிருக்கும் தம்ளர் உடைந்து இரத்தம் வருகிறது. அதோடு நாவல் முடிகிறது. அவளுக்கு என்ன ஆயிற்று என்று ஆசிரியர் சொல்வதில்லை. சொல்லவேண்டிய கணவன் உண்பதும் உடுப்பதும் சிற்றப்பாவின் பணத்தில். தலைப்பாகிய அச்சொல்லுக்கு எந்த மொழியிலும் பொருள் கிடையாது. சிக்கலைக் குறிக்க அனிதாவும் அவள் தம்பியும் சிறுவயதில் ஆக்கிக்கொண்டது. அவள் கொண்டுவந்த சொல் அந்த வீட்டில் தங்கிவிடுகிறது. அவள் தங்கினாளா என்பது கேள்வி.

இந்நாவலுக்கு ‘முடிவு தெளிவில்லை’ என்று ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கும் வாசகர், அந்த வீட்டுத் தேநீர் மேசையில் ஐந்தாம் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்.

பெருமாள்முருகனின் ‘பூக்குழி’யும் 2013இல் வந்தது. சரோஜாவைத் திருமணம் செய்து குமரேசன் தன் ஊருக்கு அழைத்து வருகிறான். முதல் பக்கத்திலிருந்தே வாசகருக்கு அச்சம் பிடித்துவிடுகிறது. யாரிடமிருந்து ஆபத்து என்பதில் ஐயமே இல்லை: மாமியார், பங்காளிகள், ஊர். அவள் என்ன சாதி என்று எல்லோரும் கேட்கிறார்கள். நாவல் அதை எங்கும் சொல்வதில்லை. கடைசியில் அவள் ஒளிந்திருக்கும் முட்புதருக்குத் தீ வைக்கப்படுகிறது. மறைக்கப்பட்ட ஒரே செய்தி சாதியின் பெயர். அதை அறியத் துடித்துக்கொண்டே வாசித்தவர், தான் யார் பக்கத்திலிருந்து கேட்டோம் என்று பின்னர் நினைத்துப் பார்க்க வேண்டியதாகிறது. எந்தத் திருப்பமும் தராத நடுக்கம் இது.

இரண்டு மறுப்புகள் எழும். பொழுதுபோக்கப் படிப்பவரிடம் சமூகக் கடமை கேட்பது நியாயமா என்பது முதலாவது. இன்பத்தை யாரும் பறிக்கவில்லை. இரயில் பயணத்தில் மர்மநாவல் படிப்பவர் எவருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஆய்வு மாணவர் என்ற தகுதியோடு பொதுவெளியில் மதிப்பிட்டு எழுதுபவர் தன் மதிப்பீட்டுக்குப் பொறுப்பானவர். மொழிபெயர்ப்புக் கவிதையைப் பற்றி மூன்று வரியில் தீர்ப்பளிக்கக் கூசும் அவர், கொலையைப் பற்றிய நாவலுக்கு மட்டும் ஏன் கூசுவதில்லை?

முடிவு தெரிந்தால் நாவல் செத்துவிடும் என்பது இரண்டாவது. ஏதென்ஸ் மக்கள் ஈடிப்பஸின் கதை தெரிந்தே நாடகம் பார்க்கச் சென்றார்கள். தஸ்தயேவ்ஸ்கி 1866இல் கொலையாளியை முதலில் காட்டிவிட்டே ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை நடத்திச் சென்றார். சிலப்பதிகாரத்தின் பதிகம் கோவலனின் கொலையை நூல் தொடங்குமுன்பே சொல்லிவிடுகிறது. பொற்கொல்லன் கள்வன் என்பதும் அவன் அரண்மனைக்குப் போகுமுன் கேட்போருக்குத் தெரியும். தெரிந்திருப்பதால்தான் கோவலன் சிலம்போடு கிளம்பும்போது நெஞ்சு பதறுகிறது. அக்காப்பியத்தில் உண்மை வெளிப்படும் கணத்தில் நடப்பது திருப்பமும் அன்று. ஆராயாமல் ஆணையிட்ட அரசன், குற்றத்தின் எழுவாயாகத் தன்னையே நிறுத்திக்கொண்டு வீழ்கிறான். முடிவு தெரிந்ததும் செத்துப்போகும் நாவலைக் காப்பாற்ற அரும்பாடு படவேண்டியதில்லை, அது சாகட்டும்.

துறைகளில் செய்யக்கூடியது எளியது. வெகுசன இலக்கியத் தாள் நடத்துபவர் ஆக்ராய்டின் பக்கத்தில் ‘பூக்குழி’யை வைத்து, பெயர் மறைக்கும் இரண்டு முறைகளை ஒப்பிடச் சொல்லலாம். மொழியியல் மாணவர் கொலைச் செய்திகளின் வினைமுற்றுகளைத் தொகுத்து, எந்தக் கொலைக்குச் செய்வினையும் எந்தக் கொலைக்குச் செயப்பாட்டு வினையும் வருகின்றன என்று எண்ணலாம். திருப்பங்களை எண்ணுவதைவிடப் பயனுள்ள கணக்கு அது. வாசிப்புக் குறிப்பு எழுதுபவர் மதிப்பெண் போடுமுன், நாவலில் இறந்தவர் யார் என்று ஒரு வரி எழுதட்டும். ஹிகாஷினோவின் நாவலுக்கு அந்த வரியில் இரண்டு பேர் வரவேண்டும்.