விழுந்த பல் சொன்ன உண்மை

பிள்ளைக்குப் பால் பல் விழுந்தால் நம் வீடுகளில் கூரை மேல் எறிவார்கள். அமெரிக்காவில் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். அந்தப் பல்லை ஒரு டாக்டர் கேட்டு வாங்கினார். அவர் பெயர் ஹெர்பர்ட் நீடில்மன்.

பாஸ்டன் நகரை அடுத்த செல்சி, சோமர்வில் என்ற இரண்டு ஊர்களில், ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படித்த 2,000-க்கு மேற்பட்ட பிள்ளைகள் பல் கொடுத்தார்கள்.

எதற்காக? காரீயத்தை அளப்பதற்காக!

காரீயம் விஷம். (பாத்திரத்துக்குப் பூசும் வெள்ளீயம் வேறு.) அந்த விஷத்தைப் பெயிண்டிலும் பெட்ரோலிலும் கலந்து விற்றார்கள். சுவரில் உதிர்ந்த பெயிண்டுத் தூள், தவழும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குப் போயிற்று. ரத்தத்தில் கலந்த காரீயம் சில மாதங்களில் குறைந்துவிடும். பிறகு ரத்தத்தைச் சோதித்தால் பழைய கதை தெரியாது. பல் அப்படி அல்ல. சுண்ணாம்புச் சத்தைச் சேர்ப்பது போலவே காரீயத்தையும் சேர்த்து வைத்துக்கொள்ளும்.

1979-ல் முடிவு வெளியாயிற்று. அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால் நோயாளிகள் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பல்லில் காரீயம் மிகுந்தவர்கள் அறிவுச் சோதனையில் பின்தங்கினார்கள். யார் பல்லில் எவ்வளவு என்று ஆசிரியைகளுக்குத் தெரியாது. அவர்களும் அதே பிள்ளைகளைத்தான் பாடத்தில் கவனம் நிற்காதவர்கள் என்று குறித்தார்கள்.

"மக்கு" என்று எத்தனை பிள்ளைகள் திட்டு வாங்கினார்களோ! குற்றம் சுவரில் இருந்தது.

டாக்டரைச் சும்மா விடவில்லை. 1991-ல் அவர் மீது மோசடிப் புகார் எழுந்தது. எல்லோர் முன்னிலையிலும் விசாரியுங்கள் என்றார் அவர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் விசாரித்தது. சில பிழைகள் உண்டு, மோசடி இல்லை என்று முடிவாயிற்று.

1960-களில் 100 மில்லி ரத்தத்தில் 60 மைக்ரோகிராம் வரை பயமில்லை என்றார்கள். 1991-ல் அது 10 ஆயிற்று. 2021 முதல் 3.5-ஐ எட்டினாலே கவனிக்க வேண்டும் என்கிறார்கள். பயமற்ற அளவு என்று எதுவும் தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

வீட்டுப் பெயிண்டில் காரீயத்தை அமெரிக்க அரசு 1978-ல் தடுத்தது. அதற்கு முன் கட்டிய வீடுகள் இன்னும் நிற்கின்றன. குழந்தையின் ரத்தத்தில் விஷம் தெரிந்த பிறகே பல வீடுகளில் சுவரைச் சோதிக்கிறார்கள். குழந்தை தவழ்வதற்கு முன்பே சுவரைச் சோதிக்க என்ன தடை?