தராசடியில் தெரியும் நிர்வாகம்

1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர, கண்டி மாவட்டத்தில்தான் இருக்கிறது. அன்று முதல், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் தோட்டத் துரை சொல்வார், தொழிலாளி கேட்பார். கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை மலைகளில் இந்தப் பழக்கம் இன்னும் முழுதாக விடவில்லை.

மாலையில் கொழுந்து நிறுக்கும் தராசடியில் நின்று பாருங்கள். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கொழுந்தில் கிலோக் கணக்கில் கழிக்கிறார்கள். குறித்த நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். நாள் முழுக்க மலையேறிய பெண்ணுக்கு, எவ்வளவு கழித்தோம், ஏன் கழித்தோம் என்று யார் சொல்கிறார்கள்?

2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவானது; வரவேற்கிறோம். ஆனாலும் தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போவது காசுக்காக மட்டுமல்ல, மரியாதைக்காகவும்தான். தோட்ட நிர்வாகங்களே, கழிக்கும் ஒவ்வொரு கிலோவையும் தொழிலாளியின் கண்முன்னே நிறுத்து எழுதுங்கள். பிரட்டில் அவர்களையும் பேச விடுங்கள்.