கொப்புளம் தொற்றாது



"அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில எங்கட பிள்ளையை இருத்தாதேங்கோ." உடம்பில் கொப்புளத்தோடு ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் வந்தால் இந்தப் பேச்சும் கூடவே வருகிறது. ஆசிரியர்களாகிய நாங்கள் இதற்குத் தலையாட்ட மாட்டோம்.

எபிடெர்மோலிசிஸ் புல்லோசா ஒரு பரம்பரை நோய். தோலின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் புரதம் பிறவியிலேயே பழுது. சட்டை உரசினாலே கொப்புளிக்கும். தொட்டால் தொற்றாது. ஒரே கோப்பையில் குடித்தாலும் தொற்றாது. செய்வினையும் இல்லை.

ஊர் பார்ப்பது கைகால் புண்ணை மட்டும்தான். கடுமையான வகையில் வாய்க்குள்ளும் கொப்புளம் வந்து ஆறி, தழும்பாகும். வாய் திறப்பது குறுகும். நாக்கு அடியோடு ஒட்டிக்கொள்ளும். பல் துலக்க முடியாமல் சொத்தை விழும். உணவுக்குழாய் சுருங்கி, சோறு இறங்காது. கண்ணின் கருவிழியும் உரசுப்படும். சில வகைகளில் குரல்வளையும் பாதிக்கப்படும். குரல் கரகரத்து மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரிதான்.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பார்த்து "சாப்பாட்டில சரியான பஞ்சி" என்கிறோமே, நியாயமா?

அடுத்தது, தாயை ஏசுவது. கடுமையான வகைகள் பெரும்பாலும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் மரபணுவால் உண்டாகின்றன. அவர்களுக்கு நோய் வெளியே தெரியாது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. மச்சான் மச்சாள் கல்யாணத்தில் இந்த ஆபத்துக் கூடும். தமிழரும் முஸ்லிம்களும் இதை வெளிப்படையாகப் பேசவேண்டும். ஆனால் சம்பந்தம் பேசி முடித்த பெரியவர்கள் ஒதுங்கிக்கொள்ள, பெற்றவள் மட்டும் ஏச்சு வாங்குவது என்ன நீதி?

"சுகம் வராத பிள்ளைக்குப் படிப்பு எதற்கு?" என்பவர்களுக்கும் ஒன்று. 2015இல் ஜேர்மனியில், சிரியாவிலிருந்து அகதியாக வந்த ஏழு வயதுச் சிறுவனுக்கு, மரபணு திருத்திய தோலை வளர்த்து உடம்பின் 80 சதவீதமளவு மாற்றினார்கள். அவன் திரும்பப் பள்ளிக்கூடம் போனான். அந்த வைத்தியம் இங்கே இல்லை. ஆனால் வகுப்பில் ஓர் இடம் கொடுக்க ஜேர்மனி தேவையில்லை.

ஒட்டுப் பிளாஸ்டர் போடாதீர்கள், தோலோடு உரிந்து வரும். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். பாண் கரை, முறுக்கு வேண்டாம். கஞ்சியோ பாலில் ஊறிய இடியப்பமோ கொடுங்கள். இடைவேளை மணி அடித்த பிறகும் சாப்பிட நேரம் விடுங்கள். பல் வைத்தியரிடம் சின்னனிலிருந்தே காட்டுங்கள். விழுங்கக் கஷ்டப்பட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள். சுருங்கிய குழாயை விரிக்க வழியுண்டு.

இப்படியொரு பிள்ளையை வீட்டுக்குள் வைத்திருப்பவர்களே, கூட்டிக்கொண்டு வாருங்கள். பக்கத்தில் இருக்கப் பிள்ளைகள் மறுக்கமாட்டார்கள். மறுப்பது பெரியவர்கள்தான், அவர்களோடு நாங்கள் கதைத்துக்கொள்கிறோம்.