ஆராய்ச்சிக் கட்டு

பங்குனி பிறந்துவிட்டால் மதுரையில் இரண்டு விஷயங்கள் உக்கிரமாகிவிடும். ஒன்று வெயில், மற்றொன்று கலாசாலைகளைச் சுற்றியுள்ள ஜெராக்ஸ் கடைகளின் வியாபாரம். பி.ஏ. மூன்றாம் வருஷத்துப் பிள்ளைகள் தங்கள் ஆராய்ச்சிக் கட்டுரையைப் பொன்னெழுத்து அட்டையில் பைண்டு செய்து ஒப்புவிக்கும் காலம் அது. சென்ற வருஷத்துக் கட்டுரை பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு அக்கடைகளிலே மறுபிறவி எடுப்பதும் உண்டு. இப்பொழுது கணினியைக் கேட்டால் அந்தச் சிரமங்கூட இல்லையாம்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். கலாசாலையில் எனக்கு அலுவல் ஒன்றுமில்லை. ஆயினும், என்னிடம் வாசித்துப் போன பிள்ளைகள், அங்கே பேராசிரியருக்கு இருபது முப்பது பேராகப் பங்கிடப்பட்டு, அவரைத் தனித்துக் காண வழியின்றி, மாலை வேளைகளில் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள்.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு பையன் திருமலை நாயக்கர் மகாலைப் பற்றி எழுதினான். எழுதினான் என்றா சொன்னேன்? எழுதியவன் நான். வாக்கியம் திருத்தப் புகுந்தவன் பத்தியைத் திருத்தினேன். பிறகு முடிவுரையையும் நானே எழுதிக் கொடுத்தேன். வாய்மொழித் தேர்விலே, பத்து நிமிஷ நடைத் தூரத்திலிருந்த மகாலுக்குள் அவன் காலெடுத்து வைத்ததே இல்லை என்பது வெளிப்பட்டது. எப்படியோ தேறிவிட்டான். அவன் தகப்பனார் அந்தக் கட்டைப் பூஜை அறையில் வைத்திருக்கிறார். அவர் வீட்டுக்குப் போனால் அந்தப் பக்கம் நான் திரும்புவதில்லை.

வழிகாட்டுதல் என்றால் என்னவென்பதற்கு நம் வைகைக் கரையிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2006-ஆம் வருஷம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் கா. ராஜனிடம் பயின்ற ஆராய்ச்சி மாணவர்கள் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் மூன்று நடுகற்களைக் கண்டார்கள். தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த அவை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் ஒன்று, கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்டவனுக்கு எடுத்த கல். கல்லைக் கண்ட கண்கள் மாணவர்களுடையவை; அக்கண்களைப் பழக்கியவர் ஆசிரியர். இதற்குமேல் வழிகாட்டிக்கு வேலை ஏது?

அவர்களோ முதிர்ந்த மாணவர்கள். பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி ஆறு மாத அவகாசத்தோடு வந்தால் என்ன செய்வது? இவ்வருஷம் மேலூர்ப் பக்கத்திலிருந்து அப்படி ஒருத்தி வந்தாள். "பாண்டியர் காலத்து நீர்ப்பாசனம்" என்பது அவள் தலைப்பு.

"எந்தப் பாண்டியர் அம்மா?" என்றேன். விழித்தாள்.

"போகட்டும். உங்கள் ஊர்க் கண்மாய்க்கு எத்தனை மடை?"

அதுவும் தெரியவில்லை. தலைப்பை அந்தக் கண்மாய் அளவுக்குச் சுருக்கி, சொன்னவர் பெயர், வயது, தேதி மூன்றையும் குறிக்காமல் ஒரு வரியும் எழுதலாகாது என்று சொல்லி அனுப்பினேன்.

மறுவாரம் நாலு பக்கம் கொண்டு வந்தாள். "பெரியாற்றுத் தண்ணீர் வந்த பிறகுதான் எங்கள் கண்மாய் கெட்டது" என்று தொடங்கிற்று! 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை முடிந்து, மலைக்கு மேற்கே ஓடிய நீர் வைகைப் படுகைக்கு வந்ததனால் மேலூர்ச் சமவெளி செழித்ததென்று முப்பது பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் போதிக்கிறவன் நான். சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன். மகால் ஞாபகம் வந்தது, மூடிவிட்டேன்.

"இதை யார் சொன்னது?"

"நீர்பாய்ச்சித் தாத்தா, ஸார். வாய்க்கால் தண்ணீர் வருமுன் வீட்டுக்கு ஓராள் குடிமராமத்துக்குப் போவார்களாம். வந்த பிறகு கண்மாய் சர்க்கார் பாடு என்று விட்டுவிட்டார்களாம்."

"அத்தனை பழைய சங்கதி அவருக்கு எப்படித் தெரியும்?"

"அவருடைய தாத்தா சொன்னாராம்."

"அப்படியே எழுது. அது உண்மைதானா என்று எப்படிப் பார்ப்பாய்?"

வெகு நேரம் பேசாமலிருந்தாள். விடையொன்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த ஐந்து நிமிஷம் நான் பட்ட அவஸ்தையை வாத்தியார்களே அறிவார்கள்.

"வாய்க்கால் எட்டாத மானாவாரிக் கண்மாய் ஒன்று பக்கத்து ஊரில் இருக்கிறது, ஸார். அங்கே மராமத்து நின்றுபோயிற்றா என்று பார்த்தால்?"

என் நாக்கு நுனியில் இருந்தது இதைவிடச் சாதாரணமானது.

இதற்கிடையில் அவள் தகப்பனார் வந்து, "வாத்தியார் ஐயா, கெடு இருபது நாள்தான் இருக்கிறது. கடையில் பணத்தைக் கொடுத்தால் கட்டு தயார் என்கிறார்கள். வயசுப் பெண்ணை வெயிலில் அலைய விடுகிறீர்களே?" என்று வருத்தப்பட்டுக்கொண்டார். அவர் கவலை நியாயமானதே. "ஞாயிற்றுக்கிழமை நீங்களும் கூடப் போய் வாருங்களேன்" என்றேன்.

போயிருக்கிறார். அவ்வூர்க் கண்மாய்க்கு இரண்டு மடை என்று மகள் எழுதியிருக்கிறாள். தூர்ந்துபோனதையும் சேர்த்தால் மூன்று என்கிறார் அவர். அடுத்த ஞாயிறு மறுபடியும் போகிறார்கள்.